ஒண்ணுமில்லை டாக்டர்

காரைக்குடிக்கு ரயில் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த காலம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் செட்டியார்கள் சேர்ந்து கட்டிக் கொடுத்த தர்ம ஆஸ்பத்திரியில் காசிவிஸ்வநாதன் என்று ஒரு டாக்டர் இருந்தார். தஞ்சாவூரில் எல்.எம்.பி. படித்தவர். ஆனால் காசிவிஸ்வநாதன் என்று விசாரித்தால் ஊருக்குள் யாருக்கும் தெரியாது. 'ஒண்ணுமில்லை டாக்டர்' என்று கேட்டால் எந்த வண்டிக்காரரும் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று ஒருவர் வருவார். தலைக்குள்ளே வண்டு குடைகிறது என்பார் இன்னொருவர். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், முதுகில் தட்டுவார், குழாயை வைத்துக் கேட்பார், வயிற்றை அமுக்குவார். அரைகுறையாகப் பார்க்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. எல்லாம் பார்த்து முடித்ததும் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "ஒண்ணுமில்லை, போயிட்டு வாங்க" என்பார்.

அதைவிட நல்ல சொல் ஒரு டாக்டரின் வாயிலிருந்து வர முடியாது என்று அவர் நம்பினார். நோய் இருக்கிறது என்று தெரிந்த இடங்களில் அவர் என்ன பாடுபட்டிருக்கிறார் என்பது அவருக்குத்தானே தெரியும். காசம் என்று தெரிந்த பிறகு ஒரு தகப்பனிடம் அதை எப்படிச் சொல்வது? அந்த வேதனைக்கு எதிரில் 'ஒண்ணுமில்லை' என்பது வயிற்றில் பால் வார்க்கிற சொல் அல்லவா? சொல்லும்போதே அவருக்கு இனிக்கும்.

கேட்டவர்களில் சிலர் முகம் மலர்ந்து போனார்கள். சிலர் முகம் சுண்டிப் போனார்கள். சுண்டிப் போனவர்கள் மறுபடி வரவில்லை. வராதவர்களை எல்லாம் குணமானவர்களோடு சேர்த்துக்கொள்வது டாக்டர்களுக்கு உள்ள ஒரு வசதி. அந்த வசதியை அவரும் அனுபவித்தார்.

வீட்டிலும் அப்படித்தான். அவருடைய மனைவி பெயர் ஆயி. அதிகம் பேசாத பெண். அவர்களுக்கு ஒரே மகள், தேனு. ஓடி விளையாடுகிற வயது வந்தும் சாயங்காலமானால் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காது. 'டாக்டர் மகள் தரையில் நடந்தால் தரைக்கு வலிக்குமோ' என்று தெருவே கேலி செய்யும். ஒரு கோடையில் வாந்திபேதி வந்தபோது ஊரில் பலபேரைப் பிழைக்க வைத்த அந்த டாக்டரால் தன் மகளைப் பிழைக்க வைக்க முடியவில்லை.

சில மாதம் கழித்து ஆயி அவரிடம் வந்து, இடது இடுப்பு வலிக்கிறது என்றாள். மற்ற நோயாளிகளைப் பார்ப்பது போலவே பொறுமையாகப் பார்த்தார். எலும்பு சரி, தசை சரி, வீக்கம் இல்லை. "ஒண்ணுமில்லை, ஆயி" என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்கப்புறம் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. குணமாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் ஓர் ஆவணி மாதக் காலையில் அகிலாண்டம் ஆச்சியின் வில்வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. ஆஸ்பத்திரி கட்டப் பணம் கொடுத்த வீடுகளில் அவர் வீடும் ஒன்று. கூட இறங்கியவள் அவருடைய கடைசி மருமகள் சாலா. இருபது வயதுகூட இருக்காது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கை மரத்துப்போச்சு, டாக்டரே. எதை எடுத்தாலும் கீழே போடுறா" என்றார் ஆச்சி. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெருவியாதியா இருக்குமோன்னு எனக்கு ஈரக்குலை நடுங்குது" என்றார். குஷ்டம் என்ற சொல்லை அந்தக் காலத்தில் வாயால் சொல்லவே பயப்படுவார்கள்.

டாக்டருக்கும் முதலில் அந்தப் பயம்தான் வந்தது. தோலில் எங்கேயாவது வெளுப்போ தடிப்போ இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். தடிக்கவில்லை. சாலாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, குண்டூசியால் விரலில் தொட்டார்.

"குத்துதா?"

"இல்லை."

உள்ளங்கையில் தொட்டார். இல்லை. புறங்கையில் தொட்டார். இல்லை. மணிக்கட்டைத் தாண்டியதும், "ஆ, குத்துது" என்றாள். சுற்றிலும் தொட்டுப் பார்த்தார். வளையல் கிடக்கிற இடத்தில் கோடு போட்டது போல உணர்ச்சி நின்று போயிருந்தது. கோட்டுக்கு மேலே எல்லாம் தெரிந்தது, கீழே எதுவும் தெரியவில்லை.

டாக்டருக்கு ஒருபக்கம் நிம்மதி, ஒருபக்கம் திகைப்பு. கையில் நரம்புகள் நீளவாக்கில் ஓடுகிறவை. ஒன்று கட்டைவிரல் பக்கம் போகும், ஒன்று சுண்டுவிரல் பக்கம் போகும். கெட்டால் அதனதன் பக்கம்தான் மரக்கும். வளையல் போட்ட மாதிரி எந்த நரம்பும் கெடாது. இந்த மாதிரி மரத்துப்போவதற்கு, மனசிலிருந்து வருவது என்று சொல்லி, புத்தகத்தில் ஹிஸ்டீரியா என்று ஒரு பேர் உண்டு. தஞ்சாவூரில் அந்தப் பேரை வாத்தியார் சொன்னபோது உதட்டோரம் ஒரு சிரிப்பு சிரித்தார். வகுப்பு முழுவதும் கூடச் சேர்ந்து சிரித்தது. சிரித்தவர்களில் காசிவிஸ்வநாதனும் ஒருவர். அந்தச் சிரிப்பை இந்தப் பெண்ணின் தலையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே வாய் தனக்குப் பழகிய சொல்லைச் சொல்லிவிட்டது.

"பெருவியாதி இல்லை, ஆச்சி. நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுமில்லை, பயப்படாதீக."

அகிலாண்டம் ஆச்சி பிள்ளையார்பட்டி இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சாலா மட்டும் தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

அந்தச் சொல் ஆச்சி வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் அந்த வீட்டு வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலம் ஆனதும் அவனையும் பெண்டாட்டியையும் 'வேறு வைத்து' விடுவார்கள். வீடு ஒன்றுதான், முற்றம் ஒன்றுதான், கிணறும் ஒன்றுதான். அடுப்பு மட்டும் தனி. மாமியார் தன் அடுப்பில் பொங்குவார், மருமக்கள் ஆளுக்கோர் அடுப்பில் பொங்குவார்கள். அரிசி பருப்பெல்லாம் வருஷத்துக்கு அளந்து வந்துவிடும். யாருக்கும் மனக்கசப்பு வராமலிருக்கப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், புருஷன் கூட இருந்தால்.

சாலாவின் புருஷன் முத்தப்பன், வேறு வைத்த கொஞ்ச நாளில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைக் கணக்குப் பார்க்கப் போய்விட்டான். போனால் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்புவான். அந்தப் பெரிய வீட்டில் அவள் தனக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைக் களைந்து, ஒரு சின்னச் சட்டியில் பொங்கி, தனியாக உட்கார்ந்து தின்று, அந்த ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகுதான் கை மரத்தது.

முதலில் வந்த நாட்டு வைத்தியர் வாதம் என்றார். எண்ணெய் காய்ச்சித் தடவினார்கள். அடுத்து வந்த கோடாங்கி, காத்துக் கருப்பு என்றான். கயிறு கட்டினார்கள். வாதமோ கருப்போ, ஏதோ ஒன்று அந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று எல்லாருக்கும் இரக்கம் இருந்தது. பொங்கிப்போட சோலையம்மாள் என்ற வேலைக்காரியை ஆச்சியே அனுப்பிவைத்தார். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதும் வாதமும் போயிற்று, கருப்பும் போயிற்று, இரக்கமும் போயிற்று. இங்கிலீஷ் படித்த டாக்டரே ஒன்றுமில்லை என்கிறார் என்றால் மிச்சம் இருப்பது கள்ளம்தானே? "எங்களுக்குந்தான் கை வலிக்குது, எங்களுக்கு யாரு ஆள் வச்சுப் பொங்கிப் போடுறாக?" என்று மற்ற மருமக்கள் காதில் விழும்படி பேசினார்கள். ஆச்சி பொல்லாதவர் இல்லை. ஆனால் ஒருத்திக்குச் செய்தால் நாலுபேருக்குப் பதில் சொல்ல வேண்டும். சோலையம்மாளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

புரட்டாசி பிறந்த பிறகு ஒருநாள் சோலையம்மாள் தானாகவே சாலாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தாள். கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். சாலாவின் வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. டாக்டர் அதைப் பிரித்தார். உள்ளங்கை முழுவதும் வெந்து தோல் உரிந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"சட்டியை இறக்கப் போனேன், டாக்டரய்யா. பிடிதுணி நழுவிப்போச்சு போலருக்கு, எனக்குத் தெரியலை. என்னமோ கருகுற வாடை வந்துச்சு. சோறு அடிப்பிடிக்குதுன்னு நெனைச்சு அடுப்பைத் தணிச்சேன். அப்பறம் பாத்தா என் கை."

 டாக்டர் புண்ணைக் கழுவினார். மருந்து பட்டால் ஆண்பிள்ளைகளே அலறுகிற புண். அவள் அசையாமல், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வாதம்னாவது சொல்லியிருக்கலாம்" என்றாள் திடீரென்று. கோபமாகச் சொல்லவில்லை. "என்னைய எங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுறப் போறாகளாம். ஐப்பசிக்குள்ள. தை மாசம் அவுக வர்றப்ப நான் இங்க இருக்க மாட்டேன். கள்ளம் பண்றவள்னு பேராகிப் போனா அப்பறம் யாரு வந்து கூப்பிடுவாக? ஆத்தா இருந்தாலாவது பரவாயில்லை, இப்ப அண்ணன் பொண்டாட்டி ராச்சியம். அண்ணமுண்டிகிட்ட போய்ச் சும்மா உக்காந்து சாப்பிட முடியுமா, இந்தக் கையை வச்சுக்கிட்டு?" கையை நீட்டிக் காட்டி, "ஒண்ணுமில்லாமலா, டாக்டரய்யா, இப்படி வெந்துபோகும்?" என்றாள்.

அன்று மத்தியானம் டாக்டர் வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். ஆயி என்னவென்று கேட்கவில்லை. அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். நரம்பு நன்றாக இருப்பது, வளையல் கோடு, வெந்த கை, அவர்கள் கள்ளம் என்று சொல்வது எல்லாம்.

"அந்தப் பிள்ளை கள்ளம் பண்ணலை" என்றாள் ஆயி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கள்ளம் பண்றவளுக்குச் சுட்டா கையை எடுத்துக்கத் தெரியும்." மோர் ஊற்றினாள். "நோவு எங்க இருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியலைன்னா, அதை அப்படியே சொல்லவேண்டியதுதான? அதுக்குப்போய் ஏன் ஒண்ணுமில்லைன்னு சொல்றீக?"

சொல்லிவிட்டு எழுந்து, தண்ணீர்க் குடத்தை வலது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். வலக்கைப் பழக்கமுள்ள பெண்கள் குடத்தை இடது இடுப்பில்தான் வைப்பார்கள். ஆயியும் முன்பெல்லாம் அப்படித்தான். எப்போதிருந்து மாற்றினாள்? டாக்டர் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே ஆச்சி வீட்டுக்கு நடந்தார்.

கூப்பிடாமல் டாக்டர் வந்து நின்றதும் வீட்டுக்குள் ஒரே பரபரப்பு. மருமக்கள் தூண்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அகிலாண்டம் ஆச்சி பாயை விரிக்கச் சொன்னார்.

"ஆச்சி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றார் டாக்டர், உட்காராமலே. "உங்க மருமகளுக்கு நோவு இருக்கு."

ஆச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "பெருவியாதியா?"

"இல்லை. சத்தியமா இல்லை."

"அப்ப வாதமா?"

"அதுவும் இல்லை."

"பின்ன என்ன நோவு? இங்கிலீஷ்ல ஒரு பேர் இருக்குமே, அதைச் சொல்லுங்களேன்."

பேர் டாக்டரின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவருடைய மரியாதை தப்பிக்கும். டாக்டர் கண்டுபிடித்துவிட்டார் என்று ஊர் சொல்லும். ஆனால் அந்தப் பேர் அடுத்த தபாலில் பர்மாவுக்குப் போகும். அங்கே அர்த்தம் தெரிந்த எவனாவது ஒருவன் முத்தப்பனிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான். தஞ்சாவூர் வகுப்பின் சிரிப்பு அவர் காதில் கேட்டது.

"தெரியலை" என்றார்.

"என்ன?"

"ஏன் மரத்துச்சுன்னு எனக்குத் தெரியலை, ஆச்சி. படிச்ச படிப்புல அதுக்குக் காரணம் இல்லை. ஆனா கை மரத்தது நெசம். எனக்குத் தெரியலைங்கிறது என்னோட குறை. அதை நான் அந்தப் பிள்ளை தலையில கட்டிட்டேன்."

தூணுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தெரியலை என்று சொல்கிற டாக்டரை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை. டாக்டருக்குக் காது சூடேறியது. இருந்தாலும் நகரவில்லை. "சின்ன ஆச்சியைக் கையைக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

சாலா வந்து நின்றாள். காலையில் தான் போட்ட துணிக்கட்டை அவர் பிரித்தார். வேறு வைத்த மருமகளின் அடுப்பை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று ஆச்சி அந்தப் பக்கமே போகாமல் இருந்தவர். புண்ணை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"எப்ப ஆச்சு இது?"

"நாலஞ்சு நாளாச்சு, அயித்தை."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

சாலா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணுமில்லைன்னுதான சொல்லியிருக்காக" என்றாள்.

 ஆச்சி எழுந்து வந்து, வெந்த கையைத் தொடப் பயந்து, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "சாயங்காலம் என் அடுப்புல வந்து சாப்பிடு. நானே பிசைஞ்சு தாரேன்" என்றார்.

"வேறு வச்ச பிள்ளையை மறுபடி சேத்துக்கிறதா? அது வழக்கமில்லையே" என்றது தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நோவுக்காரிக்கு ஏதுடி வேறு?" என்று ஆச்சி போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

அதற்கப்புறம் சாலாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்புகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. வாரம் தவறாமல் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் கையைப் பிடித்து நீவிவிடுவார், வெந்நீரில் வைக்கச் சொல்வார், வீட்டுச் செய்தியெல்லாம் கேட்பார். சீசா இல்லாமல் அனுப்பினால் ஆச்சிக்குத் திருப்தி வராது என்று இனிப்பாக ஒரு தண்ணீரையும் கலந்து கொடுப்பார். குணமாகும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. மார்கழியில் கட்டைவிரலில் லேசாக ஊர்வது போலிருக்கிறது என்றாள். தையில் முத்தப்பன் வந்து இறங்கியபோது மூன்று விரல்களுக்கு உயிர் வந்திருந்தது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் கடைசிவரை சரியாக வரவில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியாது. ஊர் மட்டும் அவருக்குப் பேரை மாற்றிவிட்டது. 'தெரியலை டாக்டர்' என்று கேலி செய்தது. கேலி செய்தவர்களே, முகம் சுண்டிப் போய்த் திரும்பி வராமல் இருந்தவர்களே, ஒவ்வொருவராக மறுபடி வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்கள்.

ஆச்சி வீட்டிலிருந்து அவர் திரும்பிய அந்தச் சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆயி கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள், வலது இடுப்பில் வைத்துக்கொண்டு. அவர் போய்க் குடத்தை வாங்கிக் கீழே வைத்தார். அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல. அவள் பயந்துபோய், "அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"வீட்டோட வச்சுக்கிட்டாக" என்றார். பிறகு, "ஆயி, இடது இடுப்பு இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார்.

ஆயி அவரைப் பார்த்தாள். இத்தனை நாள் கழித்து இதைக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.  இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"எந்த எடத்துல?" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்து, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"எப்பவும் வலிக்குமா?"

"பகல்ல தெரியாது. இந்த நேரந்தான்" என்றாள் ஆயி. "அவ தூக்கச் சொல்லி அழுகுற நேரம்."